பழைய வீட்டு உத்திரத்திலிருந்து எலக்ட்ரிக் கிட்டார்: செங்கோட்டை, புனலூர்ப் பக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விண்டேஜ் பாணியில் கிட்டார் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, ஸ்வாம்ப் ஆஷ் மரம் எங்கே கிடைக்கும் என்பதுதான். செங்கோட்டை மரக்கடைகளில் அது கிடைக்காது. தேவையும் இல்லை.

அந்தப் பழைய கிட்டார்கள் எப்படிப் பிறந்தன என்று பாருங்கள். லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர்; கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1950இல் அவர் வெளியிட்ட எஸ்க்வயர், பிராட்காஸ்டர் இரண்டும் தட்டைப் பலகையில் வெட்டிய பாடி, நான்கு திருகாணிகளில் நிற்கும் நெக் என்ற எளிய அமைப்பு. கிரெட்ச் கம்பெனி ஏற்கெனவே டிரம்முக்கு அதே உச்சரிப்பில் பெயர் வைத்திருந்ததால், 1951இல் பிராட்காஸ்டர் டெலிகாஸ்டர் ஆனது. ஆரம்பத்தில் பைன் பலகையிலும் செய்தார்கள், பிறகு ஆஷ், 1956 வாக்கில் ஆல்டர். பக்கத்தில் எது சீராகக் கிடைத்ததோ, எது கட்டுப்படியானதோ, எது மெஷினில் சுலபமாக வெட்டுப்பட்டதோ அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த வழியை நம் ஊரில் பின்பற்றினால் கைக்கு வருவது பலா, தேக்கு, குமிழ், மஹோகனி. மரத்தின் பெயரை நகல் எடுப்பதைவிட அவர்கள் யோசித்த விதத்தை எடுத்துக்கொள்வதுதான் பழைய கிட்டாருக்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் கிட்டாருக்கு டெலிகாஸ்டர் வடிவம் போதும். 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால் அழகுதான். ஆனால் மேல்பலகையை வளைவாகச் செதுக்க வேண்டும், நெக்கைக் கோணம் வைத்து ஒட்ட வேண்டும். 1954இன் ஸ்ட்ராடோகாஸ்டரில் ஸ்பிரிங் போட்ட பிரிட்ஜ் (பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதி) தனி வேலை. அவை இரண்டாவது, மூன்றாவது கிட்டாருக்கு இருக்கட்டும்.

மரம் எடுப்பது

பாதி கிட்டார் இங்கேயே முடிந்துவிடும், அதனால் இதை அவசரப்படுத்தாதீர்கள்.

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகும் சாலையை நம்பித்தான் இந்தப் பக்கத்து மரத்தொழில் இருக்கிறது. கேரள வனத்துறை டிப்போக்களில் தேக்கு ஏலம் போகும், சாமில்களில் புதுப்பலகை அடுக்கியிருப்பார்கள். நான் உங்களை அனுப்புவது அங்கே இல்லை; இடித்த வீட்டுச் சாமான் விற்கிற பழைய மரக்கடைக்கு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழைய வீடுகளில் ஒரே மாதிரி மரங்கள்தான்: பலா உத்திரம், தேக்கு நிலை, மச்சுப் பலகை. தலைமுறை தலைமுறையாகக் கூரைக்குக் கீழே காய்ந்தவை. புதுத் தடியில் அறுத்த இரண்டு அங்குலப் பலகை நிழலில் காற்றாடக் காய இரண்டு வருடமாவது வேண்டும். பழைய உத்திரம் அந்தக் காத்திருப்பை முடித்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறது. விண்டேஜ் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த மரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

எந்த மரம் என்று முடிவு செய்ய எடையைப் பாருங்கள். ஒரு டெலிகாஸ்டர் பாடியின் கன அளவு ஏறக்குறைய 4 லிட்டர். குமிழ் என்றால் 2 கிலோவை ஒட்டி நிற்கும். மஹோகனி அதைவிடச் சற்றுக் கூடும். தேக்கும் பலாவும் 2.5 கிலோ வரை போகும். ஈட்டி, அதாவது ரோஸ்வுட், 3.4 கிலோவுக்குப் பக்கத்தில். இதோடு நெக்கும் இரும்புச் சாமானும் சேர்ந்தால் இன்னும் ஒன்றேகால் கிலோ. 1968இல் ஜார்ஜ் ஹாரிசனுக்காக ஃபெண்டர் முழுக்க ரோஸ்வுட்டில் ஒரு டெலிகாஸ்டர் செய்தது. பார்க்க அற்புதம், ஆனால் ஈட்டி மரத்தைத் தோளில் மாட்டி இரண்டு மணி நேரக் கச்சேரி வாசிப்பது வேறு. என் கைக்குப் பிடித்தது பலா பாடி, தேக்கு நெக், அதன் மேல் விரல் வைத்து வாசிக்க ஈட்டி ஃப்ரெட் பலகை. பலா வீணைக்கே உரிய மரம். உளிக்கும் இழைப்புளிக்கும் இணங்கும், புதிதாக அறுத்த மஞ்சள் நாளாக ஆகத் தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் போகும். எடை அதிகமாகத் தோன்றினால் சுவிட்சும் வால்யூமும் உட்காரும் கண்ட்ரோல் குழியை ஒட்டி, பிளாஸ்டிக் தகட்டுக்கு அடியில், கொஞ்சம் கூடுதலாகக் குடைந்துவிடலாம்.

கடையில் உத்திரத்தைப் புரட்டி எல்லாப் பக்கமும் பாருங்கள். பூச்சி துளைத்த பொடி உதிர்கிறதா, முனையில் வெடிப்பு உள்ளே எவ்வளவு ஓடுகிறது, வைரம் எவ்வளவு, வெளிறிய வெள்ளைப் பகுதி எவ்வளவு. விரல் முட்டியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும். உள்வெடிப்பு உள்ளது தொத்தென்று அடங்கும். அப்புறம் ஆணி. பழைய மரத்தில் தலை உடைந்து உள்ளேயே தங்கிய ஆணி கட்டாயம் இருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு மரத்தின் மேல் மெல்ல நகர்த்துங்கள். இரும்பு இருக்கிற இடத்தில் அது இழுக்கும். சாக்பீஸால் வட்டம் போட்டு, தோண்டி எடுத்த பிறகே சாமிலுக்குக் கொண்டுபோங்கள். ஒரே ஒரு ஆணி அவருடைய பேண்ட்சா பிளேடைத் தின்றுவிடும். அடுத்த முறை உங்களை உள்ளே விடமாட்டார்.

ஃப்ரெட் பலகைக்கு 520 மி.மீ. நீளம், 65 அகலம், 7 தடிமனில் ஒரு துண்டு ஈட்டி போதும். ஃபர்னிச்சர் பட்டறையின் வெட்டுத்துண்டிலேயே கிடைக்கும். ரசீது கேட்டு வாங்குங்கள். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2019இல் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. வெறும் மரத்துக்கு வரவில்லை. அதேபோல் மலைக்கு அந்தப் பக்கமிருந்து பலகை கொண்டுவந்தால் வண்டியில் ஏற்றும் முன்பே உரிய காகிதங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புளியரை சோதனைச் சாவடியில் நின்று யோசிக்க வேண்டாம்.

ஈரம்

இந்தப் பகுதியின் தனிக் குணம் இது. ஆனியில் மலை இடைவெளி வழியே சாரல் வந்தால் ஆவணி வரை காற்றிலேயே தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. நடுவில் பங்குனி, சித்திரையில் எல்லாம் வறண்டு கிடக்கும். மரம் இந்த மாற்றத்தோடு சேர்ந்து மூச்சு விடும். அதனால் வேலையைக் காலண்டரோடு பிணைத்துக்கொள்ளுங்கள்: தையில் அறுத்து அடுக்குங்கள், மாசி, பங்குனியில் இழைத்து வெட்டுங்கள், லேக்கர் வேலையைச் சித்திரை, வைகாசிக்குள் முடியுங்கள்.

அறுத்த பலகைகளுக்கு நடுவே ஒரே தடிமனான ரீப்பர் துண்டுகளை வைத்து, சுவரில் ஒட்டாமல், வெயில் படாமல் அடுக்குங்கள். பலகையின் இரு முனையிலும் பெயின்டோ மெழுகோ பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அப்போதுதான் வெடிக்கும். ஈரமானி இல்லையென்றால் இப்படிச் செய்யலாம்: பலகையின் நடுப்பகுதியிலிருந்து சிறு துண்டு வெட்டி, தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பேக்கிங் அவனில் 103 டிகிரி செல்சியஸில் வைத்து, எடை இறங்குவது நிற்கும் வரை சூடாக்குங்கள். 90 கிராமில் நின்றால், போன 10 கிராமை 90ஆல் வகுங்கள். 11 சதவீத ஈரம். 8 முதல் 12க்குள் இருந்தால் தொடங்கலாம். நெக்குக்கு எடுத்த மரத்தை மட்டும் ஒரேயடியாக இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டாம். 4 மி.மீ. கூடுதலாக விட்டு இழைத்து, மூன்று வாரம் நிறுத்தி வைத்து, வளைந்திருந்தால் அதை நேராக்கி, மறுபடி நிறுத்தி வையுங்கள். வளைகிற மரம் அப்போதே வளைந்து தன் குணத்தைக் காட்டிவிடட்டும்.

பாடி

முழு அகலத்துக்கு ஒரே பலகை கிடைப்பது அரிது. இரண்டு துண்டை ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு 420க்கு 340 மி.மீ. இருக்க வேண்டும், தடிமன் 44.5. ஒட்டும் விளிம்பை இழைக்க ஒரு நல்ல வழி உண்டு: இரண்டு பலகையையும் புத்தகம் மூடுவதுபோல் முகத்தோடு முகம் வைத்து, ஒன்றாகக் கிளாம்ப் போட்டு, இரண்டு விளிம்பையும் சேர்த்தே இழையுங்கள். இழைப்புளி ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும், பிரித்து விரிக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றது சரிக்கட்டிவிடும். சேர்த்து வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கீற்று தெரியாத வரை இழையுங்கள். சாதாரண ஃபெவிகால் போதும், ஆனால் 24 மணி நேரம் கிளாம்பில் இருக்கட்டும். தேக்கு என்றால் எண்ணெய்ப்பசை உண்டு, ஒட்டுவதற்குச் சற்றுமுன் தின்னரால் துடைத்துவிடுங்கள்.

வடிவத்தை 9 மி.மீ. எம்.டி.எஃப். அட்டையில் வெட்டி, உப்புத்தாளால் சீராக்கி டெம்ப்ளேட் ஆக்குங்கள். கோடு விட்டு 3 மி.மீ. வெளியே பேண்ட்சாவில் வெட்டி, மிச்சத்தை ரௌட்டரால் டெம்ப்ளேட்டைத் தொட்டு எடுங்கள். ஒரு தடவைக்கு 5 மி.மீ. ஆழம்தான். கொம்பு திரும்பும் இடத்தில் மரநார் திசை மாறும். அங்கே அவசரப்பட்டால் பெரிய சில்லு பெயரும். முகமூடி கட்டாயம்: தேக்கு, ஈட்டித் தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும்.

நெக் உட்காரும் குழி 16 மி.மீ. ஆழம், ஏறக்குறைய 56 அகலம். இதில் மட்டும் கஞ்சத்தனமாக இருங்கள். நெக்கை வைத்து பாடியைத் தூக்கினால் திருகாணி இல்லாமலே அது தொங்க வேண்டும். லேக்கர் ஏறிய பிறகு இன்னும் இறுகும், அதற்கு ஒரு காகித அளவு இடம் போதும். பாடியின் நடுக்கோட்டைப் பென்சிலில் போட்டு, கடைசி வரை அழிக்காதீர்கள். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) குழி, பிரிட்ஜ், நெக் எல்லாம் அந்தக் கோட்டுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நெக்

ஃபெண்டர் நெக்கின் தலை சாய்வில்லாதது. அதனால் ஒரு அங்குலப் பலகையிலேயே முழு நெக்கும் வந்துவிடும், 700 மி.மீ. நீளம், 75 அகலம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின் முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். 'தம்பி, ரேகை நிக்கணும், படுக்கக் கூடாது' என்று இங்கே ஆசாரிமார் நிலைக்கட்டைக்குச் சொல்வது நெக்குக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் எஸ்க்வயர்கள் சில டிரஸ் ராடு (நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டு; அதைத் திருகி நெக்கின் வளைவைச் சரிசெய்வார்கள்) இல்லாமல் வந்தன; நெக் வளைந்ததால் பிறகு ராடு சேர்க்கப்பட்டது. பத்தாம் நம்பர் ஸ்ட்ரிங் செட்டை (முதல் கம்பி 0.010 அங்குலம்) சுருதி கூட்டினால் நெக்கின் மேல் சுமார் 47 கிலோ இழுவை, அதுவும் இரவு பகலாக. நம் ஈரத்தில் ராடு இல்லாத நெக்கை நினைக்கவே வேண்டாம். இரு பக்கமும் திருப்பக்கூடிய ராடை ஆன்லைனில் வாங்கி, அதன் அளவுக்கு இறுக்கமான காடி வெட்டி, மேலே ஈட்டிப் பலகையை ஒட்டுங்கள். 1950களின் மேப்பிள் நெக்கில் காடியைப் பின்பக்கமிருந்து வெட்டி அடைத்தார்கள். 1959இல் டெலிகாஸ்டருக்கு ரோஸ்வுட் பலகை வந்தது. நாம் செய்வது அந்தக் குடும்பம்.

இப்போது ஃப்ரெட், அதாவது ஸ்வர இடங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகள். நட்டு (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) முதல் பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 648 மி.மீ. என்று வையுங்கள், அதுதான் 25.5 அங்குலம். நட்டிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும், மிச்சமிருக்கும் நீளத்தை 17.817ஆல் வகுத்து முன்னேற வேண்டும். முதல் ஃப்ரெட் 36.37, இரண்டாவது 70.70, மூன்றாவது 103.10, ஐந்தாவது 162.55, ஏழாவது 215.51, பன்னிரண்டாவது சரியாகப் பாதி, 324.00. கணக்கை இப்படிப் போட்டாலும், பலகையில் குறிக்கும்போது எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளங்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் கால் மில்லிமீட்டர் பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே போகப் போக சுருதி கெடும். பிரின்ட் எடுத்து ஒட்டுபவர்கள், அதில் 12ஆவது கோடு 324இல் விழுகிறதா என்று இரும்பு ஸ்கேலால் பார்த்த பிறகே ஒட்டுங்கள். பிரின்டர்கள் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். காடி 0.6 மி.மீ. அகலம் தாண்டக் கூடாது, அதற்கென்று மெல்லிய ரம்பம் வாங்கித்தான் ஆக வேண்டும். பலகை தட்டையாக இருக்கும்போதே காடி வெட்டுங்கள், வளைவைப் பிறகு தேயுங்கள்.

வளைவு விஷயத்தில் நான் பழைய அளவை விட்டுவிடச் சொல்வேன். விண்டேஜ் ஃபெண்டரின் 7.25 அங்குல ஆரம் கார்டு பிடிக்க இதமானது. ஆனால் கம்பியை இழுத்து வாசித்தால் மேல் ஃப்ரெட்களில் ஒலி அடைபடும். கமகம் வாசிக்கும் கைகளுக்கு அது சரிப்படாது. 9.5 அங்குலம் நல்ல நடுவழி. கர்நாடக இசையே முக்கியம் என்றால் 12 வையுங்கள்.

நெக்கின் பின்புறத்தை மரஅரத்தால் முகம் முகமாக எடுத்து வாருங்கள்: முதல் ஃப்ரெட்டில் 21 மி.மீ., பன்னிரண்டில் 23. கடைசி ஒரு மில்லிமீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவித் தடவி எடுப்பது நல்லது. மேடு பள்ளத்தைக் கண்ணைவிடக் கை சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

ஃப்ரெட் கம்பியைப் பலகை வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்து, இரு முனையையும் முதலில், நடுவைப் பிறகு, பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் இறக்குங்கள். எல்லாம் இறங்கியதும் ராடைத் திருகி நெக்கை நேராக்கி, ஃப்ரெட் தலைகளில் மார்க்கர் மை பூசி, உப்புத்தாள் ஒட்டிய நேர்ச்சட்டத்தால் தேயுங்கள். மை போகாத இடம் பள்ளம். எல்லா ஃப்ரெட்டிலும் மை மெல்லிய கீற்றாகப் போனதும் நிறுத்தி, மூன்று மூலை அரத்தால் தலையை மறுபடி வட்டமாக்குங்கள். தனிமனிதன் கையால் செய்யும் கிட்டாருக்கும் அவசரத் தொழிற்சாலைக் கிட்டாருக்கும் வித்தியாசம் வருவது இந்த ஒரு நாளில்தான்.

நட்டுக்கு எலும்பு. 42 மி.மீ. அகலம், முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவே 35.

பாலிஷ்

பழைய கிட்டார்களில் இருந்தது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். ஃபெண்டரின் கலர்கள் பல டூபான்ட் கார் பெயின்டிலிருந்து எடுத்தவை. நம் பெயின்ட் கடையில் என்.சி. லேக்கர் என்று கேட்டால் அதே குடும்பம் கிடைக்கும். டூக்கோ அடிக்கும் எந்தப் பட்டறைக்கும் கைவந்த வேலை. தேக்கில் எண்ணெய் ஊறி லேக்கரைக் காயவிடாமல் செய்யும், அதனால் முதலில் அரக்கு பாலிஷ் இரண்டு கை. அப்புறம் சாண்டிங் சீலர், அப்புறம் மெல்லிய லேக்கர் எட்டுப் பத்துக் கோட். சாரல் காலத்தில் அடித்தால் காற்றின் ஈரம் லேக்கருக்குள் சிக்கி வெள்ளைப் படலமாக நிற்கும். வேறு வழியில்லை என்றால் லேக்கர் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்து, வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். சங்கிலியால் அடித்துப் போலியாகக் கீறல் உண்டாக்குவது எனக்குப் பிடிக்காது. உத்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆணித் துளையை மறைக்காமல் விடுங்கள், அது உண்மையான வயது.

மின்சாரம்

இரண்டு பிக்கப், ஒரு மூன்று வழி சுவிட்ச், 250 கே வால்யூம், 250 கே டோன், 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சர், ஒரு ஜாக். சுற்று அவ்வளவுதான். பிரிட்ஜ் பிக்கப்பை இரும்புத் தகட்டில் பதித்ததும், இரண்டு கம்பிக்கு ஒன்றாக மூன்று பித்தளைச் சாடில் (பிரிட்ஜில் கம்பி ஏறி உட்காரும் சிறு உருளை) வைத்ததும் டெலிகாஸ்டர் ஒலியின் கூர்மைக்கு முக்கியக் காரணங்கள். அந்த இரண்டையும் மாற்றாதீர்கள். பித்தளைச் சாடிலை உள்ளூர் லேத்திலேயே கடைந்துகொள்ளலாம்.

பிக்கப்பை நீங்களே சுற்ற விரும்பினால், ஃபேன் காயில் கட்டும் கடைக் கம்பி உதவாது, தடிமன். வேண்டியது 42 கேஜ், 0.063 மி.மீ., தலைமுடி அளவு. ஆல்நிகோ 5 காந்தத்தின் மேல் 7,000 முதல் 8,000 சுற்று. விரல் இழுவை சற்றுக் கூடினாலே அறுந்துவிடும். சுற்றியதை மெழுகில் முக்குங்கள், 65 டிகிரிக்கு மேல் சூடு போக வேண்டாம். இல்லையென்றால் சத்தம் கூட்டும்போது கீச்சிடும். முதல் கிட்டாருக்கு வாங்கிப் போடுவதே நல்லது.

சிங்கிள் காயில் பிக்கப் மின்சார இரைச்சலை வாங்கும். குழிகளில் தாமிரப் பட்டை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கிரவுண்டோடு சாலிடர் வையுங்கள். பிரிட்ஜுக்கும் ஒரு கிரவுண்ட் ஒயர் போக வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து படிக்காமல் தாண்டாதீர்கள்: பிரிட்ஜ் கிரவுண்டில் இருப்பதால் உங்கள் விரல் தொடும் கம்பிகள் ஆம்ப்ளிஃபயரின் உடலோடு இணைந்தவை. கோயில் கொடை மேடைகளிலும் பழைய மண்டபங்களிலும் எர்த் இல்லாத மூன்று முனை சாக்கெட்டுகள் உண்டு. அங்கே ஆம்ப்பில் கசிவு இருந்தால் அது கம்பி வழியாகக் கைக்கு வரும், மைக்கில் உதடு பட்டால் முகத்துக்கு வரும். வாசிக்கும் முன் டெஸ்டரால் கம்பியையும் மைக்கையும் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் வாசிக்காதீர்கள்.

பூட்டி, சுருதி சேர்ப்பது

நெக்கைப் பூட்டி, நட்டின் இரு ஓரத்திலிருந்தும் பிரிட்ஜ் வரை நூல் கட்டுங்கள். இரண்டு நூலும் ஃப்ரெட் பலகையின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் ஓட வேண்டும். முதல் கம்பியின் சாடில் நட்டிலிருந்து 648இல் நிற்கும்படி, அதுவும் சாடில் பின்னால் நகர இடம் விட்டு, பிரிட்ஜுக்குத் துளை போடுங்கள். தடித்த ஆறாவது கம்பி அதைவிடச் சுமார் 3 மி.மீ. பின்னால் போய்த்தான் சுருதி பிடிக்கும்.

கம்பி கட்டியதும் ஒரு இரவு விடுங்கள். மறுநாள் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், 0.25 மி.மீ., தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு. அதிகம் என்றால் ராடை வலப்பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உயரம் முதல் கம்பிக்கு 1.6, ஆறாவதுக்கு 2 மி.மீ. பிறகு 12ஆவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்தி வாசித்த ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறி நின்றால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள். ஒரு சாடிலில் இரண்டு கம்பி என்பதால் இரண்டும் நூறு சதவீதம் சேராது. சாடிலைச் சற்றுச் சாய்வாகக் கடைந்தால் நெருங்கிவிடும். டெலிகாஸ்டர்க்காரர்கள் பலர் செய்வதும் அதுதான்.

சாரல் இறங்கிய முதல் பதினைந்து நாளில் அந்த ஏழாவது ஃப்ரெட் இடைவெளியை மறுபடி அளங்கள், மாசியில் வறட்சி தொடங்கியதும் இன்னொரு முறை. மாறியிருந்தால் ராடில் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும். வறண்ட மாதத்தில் ஃப்ரெட் முனைகள் பலகையின் ஓரத்தில் முள்ளாகத் துருத்தினால், அது பலகை சுருங்கியதன் அடையாளம்; சிறிய அரத்தை 45 டிகிரியில் சாய்த்து ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.